குறுக்களவு

மூன்று வருஷமாக அறுகோணம்தான்.
கல்யாணப் பத்திரிகையை வெட்டி
மேலே துணியை மடித்து
மூலைக்கு ஒரு தையல்.
ஆறு பக்கம், ஆறும் நேர்.
அம்பாசமுத்திரம் தாலுகா ஆபீஸில்
நிலம் அளக்கிறவளுக்கு அது பெரிய வித்தையில்லை.
கோடு, கோணம், கல்.
எண்ணூறு ஆயிற்று. கட்டிலில் பாதியை மூடும்.

நேற்று ராத்திரி டம்ளரைக் கவிழ்த்துப்
புது அட்டை வரைந்தேன்.
இரண்டு பக்கம் புடைத்து
இரண்டு பக்கம் உள்வாங்கி
வில்லுப்பாட்டுக்காரர் கையிலிருக்கிற உடுக்கை மாதிரி.
ஒன்றின் வயிறு
அடுத்ததன் இடுப்பில் போய் உட்கார வேண்டும்.
காகிதத்தில் உட்கார்ந்தது.
காகிதத்தில் எதுதான் உட்காரவில்லை.

புடைத்த பக்கம் துணி மிஞ்சியது.
ஓடுதையல் போட்டு இழுத்தால்
பொரித்த அப்பளத்தின் ஓரமாய் நெளிந்தது.
குழிந்த பக்கமோ
போதவில்லை, மடிய மாட்டேன் என்றது.
சின்னச் சின்னதாய் வெட்டிவிடணும்,
அட்டைக்கு ஒரு நூல் முன்னால் நிறுத்திவிடணும்.
ஏழாவது வெட்டில் கத்தரி நிற்கவில்லை.
வீரவநல்லூர் சேலையின் கடைசி நீலத் துண்டு.
நவநீதன் எட்டிப் பார்த்து
கரண்ட் பில் கட்டியாச்சா என்றார்.

இன்றைக்கு மத்தியானம்
கல்லிடைக்குறிச்சிக்குக் கிழக்கே
கன்னடியன் கால்வாயிலிருந்து பிரிகிற வாய்க்கால் பக்கம்
தளவாயும் தம்பி பிச்சையாவும்
ஆளுக்கொரு பத்திர நகலோடு நின்றார்கள்.
வாய்க்கால்தான் எல்லை.
அது வளைகிற இடத்தில்தான் வழக்கு.

நாங்கள் வளைவை வளைவாக அளப்பதில்லை.
பக்கத்தில் ஒரு நேர்கோடு பிடிப்போம்.
அதிலிருந்து ஐந்து மீட்டருக்கு ஒருதரம்
குறுக்களவு.
புள்ளிகளைச் சேர்த்தால்
வளைவு போல ஒன்று வரும்.

‘வாய்க்கா வளஞ்சுல்லா போவுது,
நீங்க கம்பு கம்பா அளக்கியளே’
என்றார் தளவாய்.
செயின் பிடித்திருந்த ஆவுடைநாயகம்
தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.
பிச்சையா வேட்டியை மடித்துக் கட்டி
வாய்க்காலுக்குள் இறங்கி நடுவில் நின்று
‘இந்தா, இதான் எல்லை’ என்றார்.
தண்ணீர் அவர் முழங்காலை
இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு போனது.

அண்ணனுக்கு எவ்வளவு குழிகிறதோ
தம்பிக்கு அவ்வளவே புடைக்கிறது,
ஒரே கோடுதான் என்று சொன்னேன்.
இரண்டு பேருமே நம்பவில்லை.
அதில் மட்டும் ஒற்றுமை.

ராத்திரி மறுபடி.
நீலம் போனதால்
டெய்லர் கடை மூட்டையிலிருந்து
ஏதோ பள்ளிக்கூடத்துச் சட்டைக் கட்டம்.
தப்பு எங்கேயென்று இப்போது தெரிந்தது:
தட்டையாக வைத்தே தைக்கப் பார்த்திருக்கிறேன்.
அட்டையைக் கொஞ்சம் வளைத்தேன்,
இரண்டு விளிம்பும் தொடுகிற இடத்தில் மட்டும்.
வளைக்க வளைக்க அட்டை முனகியது.
முதல் தையல் நடுவில்.
அங்கிருந்து இடப்பக்கம்,
திரும்ப நடுவுக்கு வந்து வலப்பக்கம்.
மூலையிலிருந்து தொடங்குவது
அறுகோணம் பழக்கிவிட்ட கெட்ட வழக்கம்.

ரவை அளவுத் தையல்.
முடித்துவிட்டு, தொழில் புத்தி, எண்ணினேன்.
முப்பத்தொன்று.
கண்ணாடியைக் கழற்றிக் கிட்டத்தில் பார்த்தேன்.
முப்பத்தொன்றும் நேர்கோடு.
கையை நீட்டித் தள்ளிப் பிடித்தால்
வயிறு இடுப்பில் உட்கார்ந்திருக்கிறது.

தளவாயிடம் இதைச் சொல்லலாம்.
சொல்ல மாட்டேன்,
ஆபீசர் துணி தைக்கிறாள் என்று
அதற்கும் ஒரு மனு போடுவார்.

அட்டையை இப்போது உருவ முடியாது,
நாலு பக்கமும் அடைபட்ட பிறகுதான்.
திருப்பிப் பார்த்தால்
ஒன்றில் ‘சுற்றமும் நட்பும்’,
மற்றதில் ‘வழி: பாபநாச’
வரை இருக்கிறது, மிச்சம் வளைவில் போய்விட்டது.

கீழ்மூலையில் ஒரு சுருக்கம்.
பிரிக்கவில்லை.
ஏழே முக்காலுக்கு பஸ்;
நாளைக்கும் அதே வாய்க்கால்தான்.
ஊசியில் நூல் கோத்து
மூன்றாவது உடுக்கையில் குத்தி வைத்துவிட்டு
விளக்கை அணைத்தேன்.